கலக்கிப் பார்த்த ஒளி

இரவில் கடலின் மேல்நீரில் தெரியும் ஒளி பெரும்பாலும் டைனோபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிர்களுடையது. அலையோ துடுப்போ மீனோ அலைக்கழித்தால்தான் அவை மின்னும். ஒரு மின்னல் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. விடாமல் கலக்கினால் ஒளி குறைந்து அடங்கிவிடும். பிறகு ஓய்வு வேண்டும்.

இதை அளக்கும் கருவி பாத்திஃபோட்டோமீட்டர். கடல்நீரை இருட்டறை ஒன்றுக்குள் இழுத்து, சுழலவைத்து, சிதறும் ஒளியைக் கணக்கிடுகிறது. கிடைக்கும் எண் கடலில் அப்போது இருந்த ஒளி அல்ல. கலக்கினால் வரக்கூடிய ஒளி. இருந்ததை அல்ல, வரவழைத்ததை அளக்கிறோம்.

இது என்னைத் தொந்தரவு செய்யக் காரணம் விஞ்ஞானம் அல்ல. அம்மா சாவதற்கு முந்தைய மாதங்களில் அவளைக் கேள்விகளால் குடைந்தேன். ஐம்பது வருஷமாக அவள் பேசாதிருந்தவை: பிறந்த மூன்றாம் நாள் போன முதல் குழந்தை, அப்பா வீட்டுக்கு வராமலிருந்த வருஷம். சொன்னாள். சொல்லி முடித்ததும் களைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். அது அவளுடைய ஒளியா, என் கலக்கலின் ஒளியா?

கலக்காமல் பார்க்க வழியுண்டா? எடித் விட்டர் 2004இல் மெக்ஸிகோ வளைகுடாவின் ஆழத்தில், அங்குள்ள பெரும்பாலான உயிர்களின் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு விளக்கோடு ஒரு காமிராவை இறக்கினார். கூடவே, அடோல்லா என்ற ஜெல்லிமீனின் அபாய ஒளியைப் போலச் சுழன்று மினுக்கும் ஒரு மின்விளக்கு. அதை முதன்முதலாக எரியவிட்ட 86ஆவது விநாடியில், அதுவரை அறியப்படாத பெரிய கணவாய் ஒன்று வந்தது. நீர் கலங்கவில்லை. ஆனால் ஒளிந்திருந்து பார்த்தாயிற்று, பொய்யால் அழைத்தாயிற்று. கணவாயிடம் இது குற்றமில்லை. ஆனால் அம்மா தனியே புலம்புவதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தால் கலப்பில்லாத நிஜம் கிடைத்திருக்கலாம். அதற்குப் பெயர் திருட்டு.

கலக்குகிற கருவியிடம் ஒரு நாணயம் இருக்கிறது. எவ்வளவு நீரை, எந்த வேகத்தில் இழுத்தோம் என்பதையும் எண்ணோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. நம் விமர்சனங்களில் கவிதையிலிருந்து வரவழைத்த வெளிச்சம் இருக்கிறது. விமர்சகன் போட்ட சுழலைப் பற்றிப் பேச்சில்லை.

என் நோட்டிலும் அம்மாவின் பதில்கள் மட்டும்தான். என் கேள்விகளை நான் எழுதி வைக்கவில்லை. இப்போது ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக, அந்தந்தப் பதிலுக்கு மேலே எழுதிவருகிறேன். சிலவற்றை எழுதக் கை கூசுகிறது.