அறிந்த பிறகு

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி பஸ்ஸில் போனால் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வரும். அங்கு உருவான ஒரு கருவி, வட துருவத்துக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் இப்பால், நார்வேயின் காங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியில் 2014 ஜூலையில் 'லான்ஸ்' என்ற கப்பலிலிருந்து இறக்கப்பட்டது. நீரின் வெப்பம், உப்பு, ஓட்டம் எல்லாவற்றையும் அளப்பது அதன் வேலை. துருவப் பனி உருகுவதற்கும் நம் பருவமழைக்கும் உள்ள உறவை அறிய வேண்டுமாம்.

அறிவு தன்னளவிலேயே நல்லது என்பார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அறிந்த பிறகு செய்கிற தப்புக்கு எடை கூடிவிடுகிறதே! கழகத்தை ஒட்டியே சதுப்பு நிலம். மழைநீரைத் தாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளத்துக் கடலுக்கு மெல்ல அனுப்புகிற நிலம். நிலத்துப் பனி உருகிக் கடல் உயர்ந்தால் அந்த நீர் இறங்கத் தயங்கும். அந்தச் சதுப்பில்தான் வீடு கட்டினோம். பெருங்குடியில் குப்பையை மலையாகக் குவித்தோம். 2015 டிசம்பரில் வேளச்சேரித் தெருக்களில் படகு ஓடியது.

அந்தக் காலத்தில் மனை வாங்கிய குமாஸ்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். பத்திரம் இருந்தது, முத்திரை இருந்தது; தண்ணீரின் இடம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? 2022-இல் சதுப்பு ராம்சார் பட்டியலில் ஏறிவிட்டது. இனி அதன் ஓரத்தில் விற்பவரும் வாங்குபவரும், அனுமதிக்குக் கையெழுத்திடுபவரும், தெரியாது என்று எந்த வாயால் சொல்வார்கள்?