யார் கணக்கில் பற்று?

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் குண்டடம் வரும். வடுகநாதரைக் கும்பிட வருகிறவர்கள், வாரச்சந்தைக்கு ஆடு பிடித்து வருகிறவர்கள், பனியன் கம்பெனி வேனுக்கு டிபன் பாக்ஸோடு காத்திருக்கிறவர்கள் என்று ரோட்டோரம் எப்போதும் ஆள் இருக்கும். அங்கே ஒரு டீக்கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்ச். அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ரோட்டை அளக்க ஒரு தம்பி டேப்போடு வந்தார்.

''ஏனுங் தம்பி, நம்ம பக்கம் எத்தன அடி போகுமுங்க?''

''பன்னண்டு அடிங்ண்ணா.''

''கடையே பத்தடிதானுங்களே!''

எல்லோரும் சிரித்தோம். டீக்கடை அண்ணனும் சிரித்தார். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

''கோடு நான் போடலீங்க. மேல போட்டது. நான் அளக்கறதோட சரி'' என்றார் தம்பி.

''மேல இருக்கறவரு இங்க வந்து பாத்தாருங்களா?''

தம்பி டேப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

நீங்களே சொல்லுங்கள். பத்தாயிரம் பேர் சௌகரியமாகப் போக, ஒருத்தர் கடையை எடுப்பது நியாயமா? 'நியாயம்தான்' என்று சட்டென்று வாய் வருகிறது, இல்லையா? எனக்கும் வந்தது. அதே ரோட்டில் லாரிக்குப் பின்னால் அரை மணி நேரம் நகர்ந்து வந்தவன் நான். பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டே இருந்ததையும் கேட்டவன்.

ஆனால், நான் படித்தது பி.காம். பேரேட்டில் ஓரிடத்தில் வரவு எழுதினால் இன்னோரிடத்தில் பற்று எழுதியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நிற்காது என்று முதல் வருஷமே அடித்துச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நகரத் திட்ட வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். ரோடு, பூங்கா, பஸ் ஸ்டாண்ட் என்று வரவெல்லாம் கலர் கலராக இருக்கும். பற்று எங்கே? யார் பேரில்?

பற்றுப் பக்கத்தையும் எழுதிப் பார்த்த ஒருத்தர் நம் ஊருக்கு வந்திருக்கிறார். பேட்ரிக் கெடிஸ். 1854-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், தொழிலோ தாவரவியல் பேராசிரியர். கல்யாணமான புதிதில் மனைவி அன்னாவோடு எடின்பரோவின் நெரிசலான பழைய சேரிப் பகுதியில் போய்க் குடியேறினார். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு சுவருக்கு வெள்ளையடிப்பது, கிடைத்த மூலையில் செடி வைப்பது... இப்படித்தான் அவருடைய நகரத் திட்டம் ஆரம்பித்தது.

அன்றைய சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்ததால் 1914-ல் இந்தியா வந்தார். நாம் 'அவன் பெரிய எம்டன்' என்கிறோமே, அந்த எம்டன் கப்பல்தான் இவருக்கும் வினையாக வந்தது. செப்டம்பரில் சென்னை மீது குண்டு போட்டுவிட்டுப் போன எம்டன், அக்டோபரில் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. கெடிஸ் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த நகரக் கண்காட்சிப் படங்கள் மொத்தமும் அதில் இருந்தன. மனுஷன் அசரவில்லை. நண்பர்களிடம் புதிதாகச் சேகரித்து, 1915-ல் சென்னையில் கண்காட்சியை வைத்தார்.

பிறகு ஊர் ஊராக நடந்தார். கோவை, மதுரை, காஞ்சிபுரம், தஞ்சாவூர்... முதலில் நடக்க வேண்டும், பென்சிலை எடுப்பது அப்புறம் என்பது அவர் கட்சி. தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க, குடியிருப்புகளை அறுத்துக்கொண்டு நேர்நேராகத் தெரு போடத் திட்டம் இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நுழைந்து பார்த்தார். எந்த வீடு ஏற்கெனவே இடிந்து கிடக்கிறது, எங்கே காலி மனை, எங்கே மரம் என்று குறித்துக்கொண்டார். இடிந்ததை அகற்றி, காலி இடங்களை ஒன்றோடொன்று திறந்துவிட்டால் காற்று வரும், குடும்பங்களும் அங்கேயே இருக்கும் என்றார். அறுவை சிகிச்சைதான், ஆனால் உறுப்பைக் காப்பாற்றுகிற அறுவை சிகிச்சை. அதிகாரிகள் பலருக்கு இது பிடிக்கவில்லை. அறிக்கைகள் பெரும்பாலும் அலமாரியோடு நின்றன.

அதற்காக, 'கோடே வேண்டாம், ஊர் தன்னால் வளரட்டும்' என்று சொல்லிவிட முடியுமா? பக்கத்தில் திருப்பூரைப் பாருங்கள். ஏற்றுமதி ஓடிய வேகத்துக்கு எந்தத் திட்டமும் ஈடுகொடுக்கவில்லை. சாயக் கழிவு நொய்யலில் இறங்கியது. விவசாயத்துக்குத் தண்ணீர் தரக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லும் வரை, வரவு இங்கே, பற்று கீழே இருந்த விவசாயி பேரில். அவரிடமும் யாரும் கேட்கவில்லை. கோடு போட்டாலும் ஒருத்தர் தலையில், போடாவிட்டாலும் ஒருத்தர் தலையில்.

காகிதப்படி பார்த்தால் நம் அண்ணனுக்கு வாயே கிடையாது. நிலம் கையகப்படுத்த 2013-ல் புதுச் சட்டம் வந்தது, இழப்பீடு கூடியது, எல்லாம் சரி. ஆனால், பட்டா நிலத்துக்காரர் கேட்கிற மாதிரி இவர் கேட்க முடியுமா? கடை நிற்பது ரோட்டுப் புறம்போக்கில். 'அப்படியென்றால் அவர் செய்தது தப்புதானே' என்பீர்கள். தப்புதான். ஆனால், அந்த இடத்தில் ஒரு டீக்கடை தேவைப்பட்டது என்பதை எந்த வரைபடத்துக்கும் முன்னால் கண்டுபிடித்தவர் அவர். பஸ் நிற்கிற இடம், நிழல் விழுகிற நேரம், வேன் வருகிற நேரம் எல்லாம் பார்த்துத்தான் அடுப்பு மூட்டியிருக்கிறார். கோடு போட்டவருக்குத் தெரியாத சங்கதி இது. நடந்து வந்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். ரோடு எதிர்ப்பக்கம் ஆறு அடி தள்ளி வளைந்திருக்குமா, அல்லது பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு மூலை ஒதுக்கியிருப்பார்களா... அதுவும் இல்லாமல் கடை போய்த்தான் தீர வேண்டும் என்றாலும், அதை அவர் முகத்தைப் பார்த்து ஒருத்தர் சொல்லியிருப்பார்.

இதையெல்லாம் அடுத்த முறை போனபோது அண்ணனிடமே சொன்னேன். கெடிஸ் கதையும் சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டே கேட்டார்.

''அந்த வெள்ளக்காரரு யார் வீட்டயுமே இடிக்கச் சொல்லலீங்களா?''

''சொன்னார்ங்ண்ணா. ரொம்ப மோசமா, விழுகிற நிலைமையில இருக்கறத மட்டும்.''

அண்ணன் நிமிர்ந்து, ஓட்டை விழுந்த தன் தகரக் கூரையைப் பார்த்தார்.

''அப்ப அவரு வந்திருந்தாலும் நம்மளத்தாங்க மொதல்ல எடுத்திருப்பாரு'' என்று டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.