சிலந்தியின் நூலும் பட்டுப்புழுவின் கூடும்

காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து சிவசமுத்திரத்தில் அருவிகளாக வீழும் இடத்திற்கு அருகே அமைந்த ஊர் கொள்ளேகால். 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், மாநிலச் சீரமைப்பில் மைசூரோடு இணைந்தது; 1997-இல் புதிதாக அமைந்த சாமராஜநகர் மாவட்டத்திற்குள் வந்தது. மாவட்டமும் மாநிலமும் மாறியபோதும் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட தொழில் மட்டும் மாறவில்லை. அது பட்டு.

சுற்றியுள்ள சிற்றூர்களில் மல்பெரித் தோட்டங்களையும், அவற்றையொட்டிப் புழு வளர்க்கும் மனைகளையும் காணலாம். ஏறத்தாழ இருபத்தைந்து நாட்கள் இரவு பகலாக இலையை உண்டு, நான்கு முறை தோலுரித்து, முதிர்ந்து நிறம் மாறிய புழுக்களை மூங்கிலால் ஆன வட்டமான சந்திரிகைகளில் விடுவார்கள். தலையை இப்படியும் அப்படியும் அசைத்தவாறு ஒவ்வொரு புழுவும் தன் வாயிலிருந்து வரும் இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டத் தொடங்கும். இரண்டு மூன்று நாட்களில் புழு கண்ணுக்கு மறைந்துவிடும். வளர்ப்பு மனையை நோய் அண்டாதபடி கழுவித் துடைத்து வைப்பதால் அங்கே சிலந்திக்கு இடமில்லை. அது வெளியே, தாழ்வாரத்து மூலையில், ஒட்டடைக் கோல் எட்டாத உயரத்தில் தன் வலையின் நடுவே அமர்ந்திருக்கும்.

இரண்டும் தம் உடலிலிருந்தே நூலை எடுப்பவை. வெளியிலிருந்து பஞ்சோ நாரோ கொண்டு வருவதில்லை. ஆயினும் ஒன்று தன் நூலுக்குள் அடைபடுகிறது. மற்றொன்று தன் நூலின்மேல் உலாவுகிறது. நம் ஆன்றோர் இவ்விரு உயிர்களையும் கூர்ந்து நோக்கி, வெவ்வேறு உண்மைகளுக்கு உவமையாக்கினர். விவேகசூடாமணி, உடலையே தான் என்று கருதிப் புலன் நுகர்ச்சிகளால் அதை வளர்த்துத் தன்னைப் பிணித்துக்கொள்ளும் ஜீவனுக்குக் கூடு கட்டும் புழுவை உவமை கூறுகிறது. முண்டக உபநிஷதமோ அழிவற்ற பரம்பொருளிலிருந்து உலகம் தோன்றுவதைச் சொல்ல வரும்போது, பூமியில் முளைக்கும் செடிகொடிகளுக்கும் மனித உடலில் வளரும் ரோமத்திற்கும் முன்பாக, முதல் உவமையாகச் சிலந்தியைக் கூறுகிறது. உலகைப் படைத்தவனுக்கு ஒட்டடைப் பூச்சியா உவமை என்று தயங்கியவர்களும் இருந்திருக்கலாம். ரிஷிகள் தயங்கவில்லை.

அந்த உபநிஷத வாக்கியத்தில் கவனிக்க வேண்டிய ஒரு சொல் உண்டு. சிலந்தி நூலை வெளியிடுகிறது என்பதோடு அது நிற்கவில்லை. மீண்டும் உள்ளே எடுத்துக்கொள்கிறது என்றும் கூறுகிறது. இது வெறும் கவிதை நயம் என்று எண்ணுவோர் இன்றைய உயிரியல் கூறுவதைக் கேட்கலாம். வட்ட வலை பின்னும் சிலந்திகள் பல, பழைய வலையைத் தாமே உண்டுவிட்டுப் புதியதைக் கட்டுகின்றன. நூலில் கதிரியக்க அடையாளமிட்டு ஆராய்ந்தவர்கள், உண்ணப்பட்ட வலையின் புரதம் மிகக் குறுகிய நேரத்திலேயே புதிய வலையின் நூலாக வெளிவருவதைக் கண்டனர். படைப்பு, ஒடுக்கம், மீண்டும் படைப்பு என்று சாஸ்திரம் கூறும் சுழற்சி, தாழ்வாரத்து மூலையில் நாள்தோறும் நிகழ்ந்து கொண்டிருக்கிறது.

தன் வலையில் தானே ஒட்டிக்கொள்ளாதிருப்பது எப்படி என்பதும் ஆராயப்பட்டுள்ளது. மையத்திலிருந்து ஆரங்களாக விரியும் நூல்களில் பசை இல்லை; சுழன்று செல்லும் நூலில்தான் பசைத் துளிகள் உள்ளன. ஒட்டும் நூலைத் தொட நேரும்போதும் சிலந்தி கால் நுனியால் மட்டும் பட்டும் படாமல் தொடுகிறது. காலிலுள்ள நுண்ணிய மயிர்களும் அவற்றின்மேல் உள்ள மெல்லிய பூச்சும் பசை பற்றாமல் காக்கின்றன. எந்த நூல் நடப்பதற்கு, எந்த நூல் பிடிப்பதற்கு என்ற வேறுபாடு அதன் இயல்பிலேயே அமைந்திருக்கிறது. இல்லறத்தில் இருந்துகொண்டே பற்றின்றி வாழ்வது எங்ஙனம் என்று கேட்பவர்கள் இந்தக் கால் நுனியைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

இருப்பினும் உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுக்கக் கூடாது. பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சங்கரர், குயவனுக்குத் தண்டமும் சக்கரமும் வேண்டியிருப்பதுபோல் பிரம்மத்திற்கு வெளிக்கருவிகள் வேண்டுமல்லவா என்ற வினாவை எடுத்துக்கொண்டு, வெளிக்கருவியின்றி நூல் நூற்கும் சிலந்தியைக் காட்டுகிறார். உடனே எதிர்த் தரப்பின் வாயிலாக ஒரு தடையையும் அவரே எழுப்புகிறார்: சிலந்தி சிறு பூச்சிகளைத் தின்கிறது, அதனால் அதன் உமிழ்நீர் இறுகி நூலாகிறது, அப்படியிருக்க அது வெளிப்பொருள் எதையும் சாராதது என்று எவ்வாறு கூறலாம்? எல்லாப் படைப்பாளரும் குயவனைப் போலவே இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. அதைக் காட்டும் அளவே உவமை என்பது விடை. நூலின் மூலப்பொருள் இரையிலிருந்து வருவது என்ற செய்தி, உமிழ்நீர் என்பதை நூற்பைச் சுரப்பிகள் என்று திருத்திக்கொண்டால், இன்றும் பொருந்துவதே.

சிலந்தியைத் துறவியாக்கிவிடவும் முடியாது. அது வலையை உள்வாங்குவது மற்றொரு வலை விரிப்பதற்காகவே. ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட சிலந்தி வகைகள் இதுவரை இனங்காணப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தனித்து வாழும் கொலைத்திறன் மிக்கவை. ஆனால் தென்னிந்தியாவின் வறண்ட முட்புதர்களில், நூறு நூறாகக் கூடி ஒரே கூட்டில் வாழும் ஒரு வகையும் உண்டு. பெரிய இரை சிக்கினால் அவை சேர்ந்தே பிடித்துப் பகிர்ந்து உண்கின்றன. குஞ்சுகளுக்கு உணவைக் கக்கி ஊட்டும் தாய்ச் சிலந்தி, இறுதியில் தன் உடலையே அவற்றுக்கு இரையாக்குகிறது. இதைத் தியாகம் என்பதா, இயற்கையின் கொடுமை என்பதா? இரண்டு சொற்களும் மனிதனுடையவை, சிலந்திக்கு இரண்டுமில்லை.

மனிதன் தன் மனத்தின் சாயலையே சிலந்தியில் கண்டிருக்கிறான். தேவதையைவிட நன்றாக நெய்வேன் என்று செருக்குற்ற அரக்னி என்ற பெண் சிலந்தியாக்கப்பட்டாள் என்பது கிரேக்கர் கதை. சிவகாசியிலிருந்து 1984-இல் வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸைப் படித்து வளர்ந்த தலைமுறை, குற்றவாளியாக இருந்து பின்பு குற்றங்களை எதிர்ப்பவனாக மாறிய ஸ்பைடரை இன்னும் மறக்கவில்லை. 1962-இல் அமெரிக்காவில் தோன்றிய ஸ்பைடர்மேனுக்கு ஆற்றல் தந்தது கதிரியக்கச் சிலந்தியின் கடி. அவனையே 2004-இல் இந்தியச் சிறுவனாக மாற்றி எழுதியவர்கள், அந்த ஆற்றலை ஒரு யோகியின் அருளால் வந்ததாக அமைத்தார்கள். வலை அதே வலைதான். அதை வீசுபவன் யார், எதற்காக என்பதில்தான் கதைகள் வேறுபடுகின்றன.

சிலந்தியின் நூலுக்கும் மனிதன் ஆசைப்படாமல் இல்லை. 1709-இல் பிரான்சில் ஒருவர் சிலந்தி நூலால் கையுறையும் காலுறையும் செய்து காட்டினார். ஆராய்ந்த அறிஞர் ரெயோமூர், சிலந்திகளைக் கூட்டமாக வளர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்; ஆகவே இத்தொழில் ஆகாது என்றார். 2009-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்ட பொன்னிற ஆடை, மடகாஸ்கரில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட சிலந்திகளைப் பிடித்து நூலெடுத்து நெய்யப்பட்டது. 2023-இல் சீன ஆய்வாளர்கள் சிலந்தி நூலுக்குரிய மரபணுவைப் பட்டுப்புழுவிலேயே புகுத்தி, அதன் வாயிலிருந்து சிலந்தி நூலை வரவழைத்தனர். பொறுமையாக வளர்க்கத்தக்க உயிர், பாவம், பட்டுப்புழுதானே!

இங்கே பட்டுப்புழுவின் சார்பில் ஒன்று கூற வேண்டும். உவமையில் அது தன் அறியாமையால் சிறைப்பட்ட ஜீவன். இயற்கையில் அதன் கூடு சிறையன்று. உள்ளே உருமாறிய அந்துப்பூச்சி, தன் வாய்நீரால் கூட்டின் முனையை இளக்கி வெளியேறும் வழி அறிந்தே இருக்கிறது. அவ்வாறு வெளியேறினால் இழை அறுபடும் என்பதால், அதற்கு முன்பே வெப்பத்தால் அதைக் கொன்று, வெந்நீரில் இட்டு நூல் எடுக்கிறார்கள். அந்தக் கூட்டைக் கல்லறையாக்குவது புழுவின் பற்றன்று, உடுத்துபவரின் பற்று. மடி என்று கூறிப் பட்டுடுத்திப் பூஜைக்கு அமர்பவர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. காஞ்சி ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பட்டைத் தவிர்க்கும்படி அன்பர்களிடம் வற்புறுத்தியது பலரும் அறிந்ததே. குசுமா ராஜையா, அந்து வெளியேறிய கூடுகளிலிருந்து நூல் எடுக்கும் முறையை வளர்த்தார். ஆயினும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் வளர்த்த அந்த அந்து பறக்கும் ஆற்றலை இழந்துவிட்டது. வெளிவந்தாலும் உண்ணாது, முட்டையிட்டுச் சில நாட்களில் மடியும். புழுவை நம்பி உலை வைக்கும் கொள்ளேகால் விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் எளிதன்று. வாங்குபவர் இருக்கும்வரை அவர் வளர்ப்பார்.

கொள்ளேகாலைக் கடந்த காவிரி, மேட்டூரும் ஈரோடும் கண்டு, திருச்சிராப்பள்ளியில் திருவரங்கத் தீவைச் சூழ்கிறது. அத்தீவில் உள்ள திருவானைக்காவில்தான் சிலந்தியின் நூல் மிகக் கடினமான சோதனைக்கு உள்ளாயிற்று. பெரிய புராணம் கூறும் வரலாறு அது. வெண்ணாவல் மரத்தடியில் இருந்த சிவலிங்கத்தை ஒரு வெள்ளை யானை துதிக்கையால் நீர் முகந்து, மலர் தூவி வழிபட்டு வந்தது. ஒரு சிலந்தி, இறைவன் திருமேனியில் சருகு உதிராதபடி மேலே தன் நூலால் விதானம் அமைத்தது. வழிபட வந்த யானைக்கு அது விதானமாகத் தோன்றவில்லை, ஒட்டடையாகத் தோன்றியது. சிதைத்தது. சிலந்தி மீண்டும் பின்னியது. யானை மீண்டும் சிதைத்தது. வெகுண்ட சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடித்தது. யானை துதிக்கையை நிலத்தில் அறைந்தது. சிலந்தி இறந்தது, விஷத்தால் யானையும் வீழ்ந்தது.

இருவருள் யார் பக்தர் அல்லர்? யானைக்குத் தூய்மையே வழிபாடு. சிலந்திக்கு நிழலே வழிபாடு. இறைவன் இரண்டையும் ஏற்றுக்கொண்டிருந்தான். ஒருவர் தொண்டு மற்றவர் கண்ணுக்குக் குப்பையாகப் பட்டதுதான் இடர். இரையைப் பிடிக்க விரித்த வலை கலைந்தால் சிலந்தி அடுத்ததைப் பின்னத் தொடங்கிவிடும். இறைவனுக்கென்று விரித்த வலை கலைந்தபோதுதான் அது கொல்லத் துணிந்தது. ‘என் வலை’ என்பதைவிட ‘என் தொண்டு’ என்பது வலிமையான பசை போலும். திருப்பணியிலும் விழாக் குழுவிலும் பொறுப்பேற்ற அன்பர்களுக்கு இந்தக் கதையின் நடுப்பகுதி புதிதாக இராது.

அந்தச் சிலந்தி சோழ அரசன் சுபதேவனுக்கும் கமலவதிக்கும் மகனாகப் பிறந்தது. ஒரு நாழிகை தாழ்ந்து பிறந்தால் மூவுலகும் ஆளும் என்று சோதிடர் கூற, தாய் தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் செய்து பிறப்பைத் தாமதப்படுத்தினாள். அதனால் கண் சிவந்து பிறந்த குழந்தையைக் கண்டு, கோச்செங்கண்ணானோ என்று கூறி உயிர் நீத்தாள். முற்பிறப்பின் நினைவோடு வளர்ந்த அம்மன்னன் சிவாலயங்கள் பல எழுப்பினான். எழுபது ஆலயங்கள் என்று போற்றுபவர் வைணவ ஆழ்வாரான திருமங்கை மன்னர் என்பது இனிய செய்தி. யானை ஏற இயலாதபடி உயர்ந்த கட்டுமலைமேல் அமைந்த மாடக்கோயில்களை அவனுடையவை என்று மரபு கூறுகிறது. சிவந்த கண்ணும் யானை ஏறாத படியும்! ஒரு பிறவியின் கோபம் அடுத்த பிறவியின் கட்டடக் கலையில்கூடத் தங்கிவிடுகிறது.

ஆயினும் அவன் முதலில் திரும்பி வந்தது அந்த நாவல் மரத்தடிக்கே. தன் நூல் விதானம் நின்ற இடத்தில் ஆலயம் எடுப்பித்தான். அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவனாக அவன் வணங்கப்படுகிறான். அவன் எடுப்பித்த அந்த ஆலயம் நிற்கும் தலத்திற்கு வழங்கும் பெயர் சிலந்தியினுடையதன்று, அது ஆனைக்கா.