பற்று நோட்டும் பரக்கத்தும்

 



பாடியில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். ஜும்ஆ முடிந்து ஸஃப்புகள் கலைந்துவிட்டன. ஷிப்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய பட்டறையில் லேத் வேலை. அருகே வந்து ஸலாம் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து நீட்டினார். துஆ எழுதி வைத்த நோட்டாக்கும் என்று நினைத்து வாங்கினேன். பார்த்தால், மளிகைக் கடையின் பற்று நோட்டு!

"ஹஜ்ரத், இந்த அண்ணாச்சி கடை நம் பள்ளிக்கு வருகிற தெருவிலேதான் இருக்கிறது. மூன்று மாதமாக நான் பின் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் தொழ வருகிறேன். பாக்கியைக் கேட்டுவிடுவாரோ என்று பயம். போன வாரம் எதிரிலேயே வந்துவிட்டார். 'இன்னும் சம்பளம் போடவில்லை அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டேன். சம்பளம் வாங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து தக்பீர் கட்டினால் மனம் நிற்க மாட்டேன் என்கிறது" என்றார்.

சகோதரர்களே! நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையின் முடிவில் பாவத்தை விட்டும் கடனை விட்டும் அல்லாஹ்விடம் காவல் தேடுவார்கள். கடனுக்காக இவ்வளவு அதிகமாகக் காவல் தேடுகிறீர்களே என்று ஒருவர் கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் பேசுகிறான், வாக்குக் கொடுத்தால் மாறு செய்கிறான் என்ற கருத்தில் பதில் தந்தார்கள். புகாரீ ஷரீஃபில் வருகிற செய்தி இது. அந்த லேத் தொழிலாளிக்கு நடந்தது இதுவல்லாமல் வேறென்ன? பொய் சொல்லிப் பழகியவர் அல்லர் அவர். பருப்புக்கும் எண்ணெய்க்கும் பட்ட கடன் அவரைப் பொய்யராக்கிவிட்டது. மளிகைச் செலவைக் குறைப்பது பற்றிப் பேசினால், இது பள்ளிவாசலில் பேசுகிற விஷயமா என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

கடன் ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. அண்ணலார் அவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரிந்தபோது, அவர்களது போர்க்கவசம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடைமானத்தில் இருந்தது. வீட்டுச் செலவுக்கு வாங்கிய தானியம்தான் அது! ஆனால் கவனியுங்கள்: எவ்வளவு தானியம் என்று அளவு இருக்கிறது, கொடுத்தவருக்கு ஈடும் இருக்கிறது. நமது நோட்டில் என்ன இருக்கிறது?

அந்த நோட்டைப் புரட்டினேன். "சாமான் 180." "சாமான் 95." "பையன் வாங்கியது 60." பக்கம் பக்கமாக இப்படித்தான். தொகை இருக்கிறது, பொருள் இல்லை, அளவு இல்லை. "இந்த 180க்கு என்ன தம்பி வாங்கினீர்கள்?" என்றேன். விழித்தார். எழுதிய கடைக்காரருக்கும் இன்று தெரியாது. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது தெரியுமா? அல்பகரா சூராவின் 282ஆம் வசனம். தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது! சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சோம்பல்படாதீர்கள் என்று அதில் அல்லாஹ் தஆலா கட்டளையிடுகிறான். "சாமான் 180" என்பது எழுத்தா? அரைகுறையாக எழுதிய கடனில் இரு தரப்புக்கும் சந்தேகம், சந்தேகத்திலிருந்து மனக்கசப்பு.

எனவே அவரிடம் முதலில் சொன்னது செலவைக் குறையுங்கள் என்றல்ல. "ஒரு மாதத்துக்கு, வாங்குகிற ஒவ்வொன்றையும் அளவோடு எழுதுங்கள். துவரம்பருப்பு கால் கிலோ, நல்லெண்ணெய் 200 மில்லி, பிஸ்கோத்து 2 பாக்கெட் என்று எழுதுங்கள். வீட்டில் கேளுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை ஆழாக்கு அரிசி வேகிறது என்று. உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்" என்றேன்.

இங்கே ஆலிம்கள் விளக்கிய நுட்பம் ஒன்று இருக்கிறது. உங்கள் உணவுப் பொருளை அளந்துகொள்ளுங்கள், உங்களுக்குப் பரக்கத் செய்யப்படும் என்று நாயகம் (ஸல்) அருளியதாக மிக்தாம் (ரலி) அறிவிக்கிறார்கள். இன்னொரு பக்கம், அன்னை ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள்: நாயகம் அவர்களின் மறைவுக்குப் பின் தம் வீட்டு மாடத்தில் கொஞ்சம் வாற்கோதுமை இருந்ததாம். நெடுநாள் அதிலிருந்தே எடுத்து உண்டு வந்தார்களாம். ஒரு நாள் அதை அளந்து பார்த்தார்களாம்; தீர்ந்துபோயிற்றாம்! அளந்தால் பரக்கத் என்கிறது ஒன்று. அளந்ததும் தீர்ந்தது என்கிறது மற்றொன்று. இரண்டும் ஸஹீஹான ஹதீஸ்கள். முரண்பாடா? இல்லை. வாங்கும்போது அளக்க வேண்டும், அங்கே அடுத்தவரின் உரிமை கலந்திருக்கிறது. எடுத்துச் செலவிடும்போது அளப்பது கஞ்சத்தனத்திலிருந்து வருவது, அதுவே பிடித்தமற்றது என்ற விளக்கத்தை இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரீயில் எடுத்துக் காட்டுகிறார்கள்.

நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர். வாங்கும்போது அளவே இல்லை. பானையின் அடி தெரிகிறபோதுதான் மனைவியிடம் கணக்குக் கேட்கிறோம்! 25ஆம் தேதி எழும் சண்டைகளில் பாதி 1ஆம் தேதி செய்யாத அளவையால் வருவது. சோறு வடிக்கப் போட்ட அரிசியில் ஒரு பிடியை மதரஸாவுக்கென்று தனியே எடுத்து வைத்த தாய்மார்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். பிடியரிசி எடுத்ததால் எந்த வீட்டிலும் சோறு குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, அளந்து வாங்குவது என்றால் எங்கே, எப்படி? பாடிக்காரர்களுக்கு அல்லாஹ் சில வசதிகளைத் தந்திருக்கிறான். கொத்தவால் சாவடியிலிருந்த மொத்தக் காய்கறி வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்கு வந்தது. பாடியிலிருந்து திருமங்கலம் வழியாக ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனால் தனி ஒரு குடும்பம் அங்கே போய் மூட்டை வெங்காயம் வாங்கினால் பாதி அழுகும். ஆட்டோக் கூலியும் சேர்ந்தால் லாபம் போச்சு! நாலைந்து வீடுகள் சேர்ந்து, வாரம் ஒருவர் போய், வாங்கி வந்ததைத் தராசில் நிறுத்துப் பிரித்துக்கொண்டால் கணக்கு வேறு. அஷ்அரீ கோத்திரத்தார் உணவு குறைந்துபோன நேரங்களில் தம்மிடம் இருந்ததையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைத் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று பாராட்டினார்கள். ஒரே பாத்திரத்தால் அளந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நல்ல தக்காளியெல்லாம் வாங்கி வந்தவர் வீட்டுக்கு, அடிபட்டதெல்லாம் அடுத்த வீட்டுக்கு என்றானால், அந்தக் கூட்டு இரண்டாம் வாரமே கலைந்துவிடும். பக்கத்து வீட்டார் மாற்று மதத்தவர் என்றாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டார் உரிமையில் அவர்களும் அடக்கம்.

அடுத்தது ரேஷன். 2011 ஜூன் முதல் நம் மாநிலத்தில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய் என்று அட்டைக்குத் தருகிறார்கள். வெளிக்கடையில் பருப்பு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். வரிசையில் நிற்கக் கௌரவம் இடம் கொடுக்காமல், கடனுக்கு மட்டும் கௌரவம் இடம் கொடுக்கிற வீடுகள் உண்டு! ரேஷன் புழுங்கல் அரிசி சோற்றுக்குப் பிடிக்காவிட்டால் இட்லி மாவுக்குப் போடலாம். ஆனால் அதை வாங்கித் தெருவில் வருகிறவனிடம் விற்கிறார்களே, அது கியானத், நம்பிக்கை மோசடி. உண்பதற்கென்று தரப்பட்டது அது.

விலை குறைந்த காலத்தில் வாங்கிச் சேமிப்பது பற்றியும் ஒருவர் கேட்டார், அது பதுக்கல் ஆகாதா என்று. நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை எடுத்து வைத்தது ஹதீஸில் இருக்கிறது. யூஸுஃப் (அலை) அவர்கள் பஞ்சத்தை முன்னிட்டு, கதிரோடு விட்டு வையுங்கள் என்று தானியம் காக்கும் முறையையே கற்றுக் கொடுத்தார்கள். விலையேற்றி விற்பதற்காக மக்களின் உணவை முடக்குவதுதான் பதுக்கல். புளியும் மிளகாயும் புதிதாக வருகிற மாசி, பங்குனியில் வருடத்துக்கு வாங்கி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து ஜாடியில் போடுவது நம் பாட்டிமார் செய்ததுதான். பருப்பை மட்டும் சென்னைக் காற்றில் அதிகம் சேர்க்காதீர்கள், வண்டு விழும். வண்டு தின்றதும் விரயமே.

பெரிய பாக்கெட் மலிவு, சின்னப் பாக்கெட் விலை அதிகம் என்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சில பொருள்களில் சின்னதே மலிவாக இருக்கிறது. ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று இப்போது சட்டமே இருக்கிறது. படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இனி, எதைக் குறைக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், "இனி பாலில் அரை லிட்டர் குறை" என்று மனைவியிடம் சட்டம் பேசுகிறவர்கள் இருப்பார்கள்! உத்பாவின் மகள் ஹிந்த் (ரலி), கணவர் கையை இறுக்கிப் பிடிக்கிறார் என்று முறையிட்டபோது, உனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள் என்று நாயகம் அனுமதி தந்தார்கள். குடும்பத்தின் வயிறு உரிமை, தயவு அல்ல. குறைப்பதை உங்களிடமிருந்து தொடங்குங்கள். ஒரு டீ 15 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம்; நாளைக்கு நான்கு டீ; முப்பது நாளில் 1,800 ரூபாய். இதில் சிகரெட்டைச் சேர்க்கவில்லை. அந்த லேத் தொழிலாளியின் மாதப் பற்றில் பாதி இது! கையில் இறைச்சியோடு வந்த ஜாபிர் (ரலி) அவர்களை ஹஜரத் உமர் (ரலி) வழியில் நிறுத்திக் கேட்ட கேள்வி நினைவிருக்கட்டும்: அண்டை வீட்டாருக்காகத் தம் வயிற்றைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ள மாட்டீர்களா என்று கேட்டார்கள்.

கீரைக்காரம்மாவிடமும் குறைக்காதீர்கள். பெரிய கடையில் போட்டிருக்கிற விலையைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். தெருவோரம் கூடை வைத்திருக்கிற கிழவியிடம் ஒரு கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைத்து, மேலும் கொசுறாகக் கொத்தமல்லி கேட்கிறோம். தமக்கு வாங்கும்போது நிறைய அளந்துகொண்டு, பிறருக்கு அளக்கும்போது குறைப்போரைக் கண்டிக்க ஒரு சூராவே இறங்கியது என்பதை மறக்கலாமா?

ரமலானைப் பற்றி ஒரு வார்த்தை. பகலெல்லாம் பட்டினி கிடக்கிற மாதத்தில் மளிகை பில் ஏறுகிறது என்றால், எங்கேயோ நமக்குப் புரியாமல் போயிருக்கிறது. பள்ளியில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். வீட்டிலோ ஏழு வகைப் பொரியல்! 2020 ரமலானை நினைத்துப் பாருங்கள். மே 5ஆம் தேதி கோயம்பேடு மூடப்பட்டது. சில நாளில் சந்தை திருமழிசைக்குப் போயிற்று. பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. எத்தனையோ பேருக்குச் சம்பளம் இல்லை. கஞ்சியும் ஒரு பேரீத்தம்பழமுமாக நோன்பு திறந்தோம். யாருடைய நோன்பும் குறைந்துவிடவில்லை. அந்த நாளில் நமக்குக் கடனுக்கு அரிசி தந்தது பெரிய கடைகளா? தெருமுனை அண்ணாச்சிகள்தாம். வசதி வந்ததும் ரொக்கத்தைப் பெரிய கடையில் கொடுத்துவிட்டு, கடனுக்கு மட்டும் அவரிடம் போகிறோம்.

கடன் பாக்கியோடு ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நாயகம் (ஸல்) தாம் தொழவைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூகதாதா (ரலி) அந்தக் கடனைத் தம் பொறுப்பில் ஏற்ற பிறகே தொழவைத்தார்கள். வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் அவர்களின் வாக்கே. ஆகவே அந்தச் சகோதரரிடம், "பொய் சொன்னதற்கு அல்லாஹ்விடம் தவ்பா செய்யுங்கள்; அது போதாது, கடைக்காரரிடமும் போய் உண்மையைச் சொல்லுங்கள். மாதம் இவ்வளவு என்று தவணை பேசுங்கள். பேசிய தேதிக்கு முதல் நாளே கொடுங்கள்" என்றேன்.

அவர் தயங்கினார். "இதற்கு முன் கொரட்டூரில் குடியிருந்தபோது ஒரு கடையில் 2,300 ரூபாய் நின்றுபோயிற்று. அந்தக் கடையே இப்போது இல்லை. அதை விட்டுவிடலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

விடமுடியாது. கடைக்காரரைத் தேடவேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் கொடுக்கவேண்டும். எவ்வளவு தேடியும் யாரும் கிடைக்காவிட்டால்தான் அவர் பெயரால் தர்மம் செய்யலாம்; அப்போதும் பின்னால் அவர் வந்து கேட்டால் கொடுக்கவேண்டியதுதான். இதைச் சொன்னதும் முகம் வாடிப்போய்ச் சென்றார்.

நான்கு மாதம் கழித்து வந்தார். பக்கத்துக் கடைகளில் விசாரித்து, அந்தப் பெரியவர் ஊருக்குப் போய் இறந்துவிட்டதையும், மகன் ஆவடிப் பக்கம் கடை வைத்திருப்பதையும் அறிந்து போயிருக்கிறார். மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "அப்பா நோட்டையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டோமே, நீங்கள் யாரென்றே தெரியாதே!" என்றாராம். இவரே தொகையைச் சொல்லி, பட்டறையில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த 2,300 ரூபாயை எண்ணிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளை பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு டீ வாங்கி வரச் சொன்னாராம்.

பாடி அண்ணாச்சிக்கு இன்னும் இரண்டு தவணை பாக்கி இருக்கிறது. புது நோட்டைக் காட்டினார். உளுந்து அரைக் கிலோ, சர்க்கரை ஒரு கிலோ என்று அவர் மனைவியின் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. இப்போது முன் தெரு வழியாகத்தான் பள்ளிக்கு வருகிறார்.