மண் சுமக்க வந்த சிறுவன்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவரங்கத்தில் எம்பெருமானார் ஒருநாள் திருவாய்மொழிக்குப் பொருள் ஸாதித்தருளிக்கொண்டிருந்தார். திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்வதன் ஏற்றத்தை விளக்கும் இடம் வந்ததும் ஸ்வாமியின் திருக்கண்களில் நீர் பெருகிற்று. அம்மலையின் குளிரையும் தனிமையையும் பொறுத்து, நந்தவனம் வைத்துத் தொண்டு செய்ய வல்லவர் இத்திரளில் உண்டோ என்று வினவியருளினார். ஸபை முழுதும் மௌனமாயிருக்க, அனந்தன் என்னும் சிஷ்யர் ஒருவர் மட்டும் எழுந்து நின்றார். ‘ஆண்பிள்ளை’ என்று ஆசார்யனாலே கொண்டாடப்பெற்ற அவரே அனந்தாழ்வான்.

அவர் திருமலைக்கு எழுந்தருளி நந்தவனம் அமைத்தார். செடிகளுக்கு நீர் வேண்டுமென்று ஏரி ஒன்றை வெட்டத் தொடங்கினார். தாம் மண் வெட்ட, கர்ப்பவதியான தேவியார் கூடையிலே சுமந்து கொட்டுவார். ஒருநாள் சிறுவன் ஒருவன் வந்து, தானும் மண் சுமப்பதாகக் கூறினான். ஆசார்யன் நியமித்த கைங்கர்யத்தில் பிறருக்குப் பங்கில்லை என்று சொல்லி அனந்தாழ்வான் அவனைப் போகச் சொன்னார். சிறுவனோ போகவில்லை. அவர் காணாதபடி சற்று அப்பால் நின்று, அம்மையாரின் கூடையை வாங்கிச் சுமந்தான். கூடை விரைவில் திரும்புவதைக் கண்டு ஐயுற்ற அனந்தாழ்வான் உண்மையை அறிந்து வெகுண்டார். கையிலிருந்த கடப்பாரையை வீசினார். அது சிறுவனின் மோவாயிலே பட்டது. சிறுவன் ஓடி மறைந்தான். பிறகு ஸந்நிதியில் பார்த்தால், திருவேங்கடமுடையானின் திருமோவாயிலே குருதி! நடுங்கிப்போன அனந்தாழ்வான் பச்சைக் கர்ப்பூரத்தை அரைத்துச் சாத்தினார். இன்றளவும் அத்திருமோவாயில் கர்ப்பூரம் சாத்தப்பெறுகிறது. அந்தக் கடப்பாரையும் திருக்கோயில் வாசலிலே தொங்குகிறது. திருமலை யாத்திரை சென்றவர் அனைவரும் அதைக் கண்டிருப்பர்.

இவ்வரலாற்றைக் கேட்போர் பெரும்பாலும் அனந்தாழ்வானின் உறுதியை நினைந்து உருகுவர். அது தகும். ஆயினும் ஆழ்ந்து நோக்கின் மற்றொரு பொருளும் புலப்படும். ஸர்வலோக ஸரண்யனான எம்பெருமான் தொண்டில் பங்கு கேட்டு வரத் திருவுள்ளம் பற்றியபோது, அரசனாக வரவில்லை, வேதியனாகவும் வரவில்லை. கூடை சுமக்கும் சிறுவனாகவே வந்தான். விரட்டப்பட்ட பின்பும் போகாமல், ஒளிந்து நின்றாவது சுமந்தான். தொண்டு செய்யவேண்டும் என்று ஒரு குழந்தை தானே வந்து நிற்கும்போது, அங்கே வந்திருப்பவன் யார் என்று பெரியோர் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதை அத்திருமோவாய்த் தழும்பு நாள்தோறும் உணர்த்தி நிற்கிறது.

குழந்தைகளின் தொண்டை எம்பெருமானார் எவ்வாறு மதித்தார் என்பதற்கும் ஸம்ப்ரதாயத்தில் சான்று உண்டு. வீதியிலே சிறுவர்கள் மணலில் கோடு கிழித்துக் கோயில் கட்டி, பெருமாளை எழுந்தருளப்பண்ணி, மணலையே அமுதாக நிவேதித்து விளையாடிக்கொண்டிருந்தனர். அவ்வழியே எழுந்தருளிய ஸ்வாமியை அழைத்து, ப்ரஸாதம் என்று மணலை நீட்டினர். உடன் வந்தோர் வியக்கும்படி, ஸ்வாமி தண்டன் ஸமர்ப்பித்து அதை ஏற்றுக்கொண்டார். அவர் திருவுள்ளத்திற்கு அது விளையாட்டன்று, உண்மையான கைங்கர்யமே. ப்ரஹ்லாதாழ்வானும் ஆசிரியர்கள் இல்லாத வேளையில் தன்னொத்த அஸுரச் சிறுவர்களைக் கூட்டி, நல்லவற்றை இளமையிலேயே தொடங்கவேண்டும் என்றல்லவோ உபதேசித்தான்? முதுமையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்படும் தொண்டு, உடல் தளர்ந்தபின் வெறும் ஆசையாகவே நின்றுவிடும்.

இக்கருத்து உலகியலிலும் பொய்யாகவில்லை. 1907-ல் இங்கிலாந்தின் பிரௌன்ஸீ என்னும் சிறு தீவில் பேடன் பவல் என்பவர், செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே கூடாரத்தில் தங்கவைத்து ஒரு முகாம் நடத்தினார். அதிலிருந்து தோன்றியதே சாரணர் இயக்கம். அவ்வியக்கம் பாரத தேசத்திற்கு வந்தபோது தொடக்கத்தில் இந்நாட்டுச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. தொண்டு செய்ய வந்த பிள்ளைகளைப் பிறப்பைக் காட்டி விலக்கினர். அதைப் பொறாத அன்னி பெஸன்ட் அம்மையார் முதல் உலகப்போர்க் காலத்தில் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே சாரணர் சங்கம் கண்டார். 1918-ல் மதன் மோகன் மாளவியா முதலியோர் ஸேவா ஸமிதியின் பெயரால் சாரணர் சங்கம் நிறுவினர். மேளாக்களுக்கு வரும் யாத்ரிகர்களுக்கு உதவுவது அவ்விளைஞர்களின் முக்கியமான தொண்டாயிருந்தது. இவ்வாறு பிரிந்திருந்த அமைப்புகள் 1950 நவம்பர் 7-ல் பாரத சாரண சாரணியர் இயக்கமாக இணைந்தன. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ல் செப்டம்பர் 24 அன்று, கல்லூரி மாணவர்களுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்று, பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் பரவிற்று. அதன் மாணவர்கள் ஏழு நாட்கள் ஒரு கிராமத்தில் தங்கிப் பணி செய்வது இன்றும் நடைபெறுகிறது. தனக்காக அன்று, பிறர்க்காக என்பதே அத்திட்டத்தின் கொள்கை. நம் பெரியோர் ‘பாரதந்த்ர்யம்’ என்று பெரிய சொல்லால் உரைத்ததன் முதற்படி அதுவன்றோ!

இனி இத்தொண்டு நீலகிரியில் எவ்வாறு பொருந்தும் என்று காண்போம். உதகையிலிருந்து கூடலூர் செல்லும் பாதையில் பைக்காராவை ஒட்டியுள்ளது கிளென்மார்கன். ஒருபுறம் தேயிலைத் தோட்டம். ஒருபுறம் சோலைக்காடும் புல்வெளியும். தோடர்களின் மந்துகளும் அப்பகுதியில் உண்டு. மலை விளிம்பில் நின்றால் முதுமலைக் காடும் மோயாற்றுப் பள்ளத்தாக்கும் கீழே விரிந்து கிடக்கும். முக்கூர்த்தி மலையில் தோன்றும் பைக்காரா ஆற்றைத் தோடர்கள் தொன்றுதொட்டுப் புனிதமாகப் போற்றி வருகின்றனர். அவ்வாற்றின் நீர் கிளென்மார்கன் தேக்கத்தில் தங்கி, பெருங்குழாய்களின் வழியே மலையிலிருந்து இறங்கி மின்விசையைத் தருகிறது. 1932-ல் பைக்காரா மின் உற்பத்தி தொடங்கியபோது கொங்கு நாட்டு ஆலைகளும் ஊர்களும் ஒளி பெற்றது இந்நீராலேயே.

மின்விசையைத் தந்தபின் அந்நீர் எங்கே செல்கிறது? மோயாற்றில் கலக்கிறது. மோயாறு பவானியை அடைகிறது. பவானி, கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. காவிரியோ இரு கிளையாகப் பிரிந்து, அரவணைமேல் பள்ளிகொண்ட பெரிய பெருமாளின் திருவடிவாரத்தை வலமும் இடமுமாகத் தழுவி ஓடுகிறது. கிளென்மார்கனில் ஒரு சிறுவன் ஓடைக்கரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குப்பியை எடுத்து அப்புறப்படுத்தினால், அவன் அரங்கன் திருமுற்றத்தைத் துடைத்தவனாகிறான். அங்கே ஒருவர் எறியும் ஒரு குப்பை அரங்கனை நோக்கியே புறப்படுகிறது. மலைமேல் செய்யும் தொண்டுக்கும் திருவரங்கத்துக் கைங்கர்யத்துக்கும் இடையே உள்ளது தூரம் மட்டுமே, பேதம் இல்லை.

அத்தோட்டங்களிலுள்ள குழந்தைகளின் நிலையையும் ஸேவார்த்திகள் அறியவேண்டும். பள்ளிக்கு விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை விழுந்து கொழுந்து மிகுதியாகத் துளிர்க்கும். தாயும் தந்தையும் காலையிலேயே கொழுந்து பறிக்கச் சென்றுவிடுவர். லயன் வீடுகளில் மூத்த பெண் தன் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காட்டெருமையும் யானையும் சிறுத்தையும் நடமாடும் மலை அது. பிள்ளைகள் தனியே திரிவது ஆபத்து. சமவெளியில் கோடை முகாம் என்பது வசதியுள்ளோர் பணம் கட்டிப் பிள்ளைகளை அனுப்பும் பொழுதுபோக்காக இருக்கலாம். மலையில் அது காவலும் கல்வியும் ஒருவேளை நல்லுணவும் சேர்ந்த பெரிய தர்மமாகும். கோயிலைச் சார்ந்தோரும் ஊர் இளைஞர் மன்றத்தாரும் கூடிப் பத்து நாட்கள் அத்தகைய முகாம் ஒன்றை நடத்தினால், அது ததீயாராதனத்திற்குக் குறைந்ததாகாது.

அம்முகாமில் என்ன செய்வது? காலையில் நீராடித் திருநாமம் சொல்லி, ஆழ்வார் ஆசார்யர்களின் வரலாற்றில் ஒன்றைக் கேட்கலாம். மார்கழியில் ஆய்ச்சியர் ஒருவரையொருவர் எழுப்பிக் கூட்டிச் சென்ற பாவை நோன்பைப் போல, மூத்த பிள்ளை இளைய பிள்ளையை அழைத்து வரட்டும். வீட்டு வாசலில் துளசியும் சோலைக்குரிய மரக்கன்றும் நட்டு, தன் பெயரிட்டு வளர்க்கட்டும். எழுதப் படிக்கத் தடுமாறும் தோழனுக்கு நன்கு படிக்கும் பிள்ளை கற்றுக்கொடுக்கட்டும். நடக்க இயலாத முதியவருக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டு வைக்கட்டும். மலையடிவாரத்தில் காரமடை அரங்கநாதன் மாசித் தேர்த் திருநாளில் தண்ணீர் ஸேவை செய்யும் அன்பர்களைக் கண்டவர்க்கு, ஒரு குடம் நீரின் பெருமை விளங்கும்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. தொண்டு என்னும் பெயரால் பிள்ளைகளைக் கூலியில்லா ஆட்களாக்குவது பாபம். உடைந்த கண்ணாடியையும் நாற்றமெடுத்த கழிவையும் குழந்தைகளின் வெறுங்கையால் அள்ளச் செய்யக்கூடாது. அவரவர் வயதுக்கும் வலிமைக்கும் ஏற்ற வேலை, சிறிது நேரமே போதும். பெரியவர் ஒருவர் உடனிருந்து தாமும் குனிந்து செய்யவேண்டும். புகைப்படம் எடுப்பதற்காக ஒரு மணி நேரம் துடைப்பம் பிடிக்கச் செய்து அனுப்பிவிட்டால், அப்பிள்ளை கற்றுக்கொள்வது வேஷம் ஒன்றையே. அனந்தாழ்வான் திருமலையில் ஏரி வெட்டியபோது அதைப் பார்க்க எவரும் கூடவில்லை என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

இங்கே ஸேவார்த்திகளின் நெஞ்சைத் தொடவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டை ஒட்டி நீலகிரி மாவட்ட ஆட்சியராயிருந்த சுப்ரியா ஸாஹு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை அம்மாவட்டத்தில் தடுக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். தமிழ்நாடு முழுவதற்கும் அத்தகைய தடை 2019 ஜனவரி 1-ல் வந்தது. அதற்கும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பே அம்மலை வழிகாட்டிற்று. ஆணைகள் வந்தன, சோதனைச் சாவடிகளும் வந்தன. எனினும் சாலையோரத்தில் மாணவர்கள் சாக்கும் கையுமாக நின்று குப்பை பொறுக்கும் காட்சி இன்னும் மறையவில்லை. அவர்கள் பொறுக்குவது யார் எறிந்தது? மலைக்கு இன்பம் தேடி வந்தவர்கள் எறிந்தது. திருத்தலங்களிலோ, புண்ணியம் தேடி வந்தவர்களே எறிந்தது! தேர் நிலைக்கு வந்தபின் வீதியைப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். ப்ரஸாதம் உண்ட தொன்னையும் நீர் பருகிய குப்பியும் பெருமாள் எழுந்தருளிய வழியெங்கும் கிடக்கின்றன. மறுநாள் காலையில் அவற்றைக் குனிந்து எடுப்பது ஒரு பள்ளிச் சிறுவன்.

மண் சுமக்க வந்த சிறுவன்மேல் அனந்தாழ்வான் எறிந்த கடப்பாரை, கைங்கர்யத்தின்மேல் கொண்ட காதலால் எறிந்தது. ஆகவே எம்பெருமான் அதைப் பொறுத்துத் தழும்பாகவே ஏற்றுக்கொண்டான். நாம் எறிவதோ அலக்ஷ்யத்தால் எறிவது. அதுவும் தொண்டு செய்யும் சிறுவன் மேலேயே சென்று விழுகிறது. இதைக் காதல் என்று எவ்வாறு சொல்லிக்கொள்வது?

ஆகையால் இவ்வுத்ஸவத்திற்கு வந்துள்ள அன்பர்கள் மூன்று ஸங்கல்பங்களோடு இல்லம் திரும்பவேண்டும். கொண்டுவந்த குப்பையைத் தாமே எடுத்துச் செல்வது முதலாவது. உடன் வந்த குழந்தையின் கையில் ஒரு கைங்கர்யத்தைக் கொடுப்பது இரண்டாவது: தண்ணீர்ப் பந்தலில் குவளை எடுத்துக் கொடுக்கட்டும், திருத்துழாய் கட்டும் இடத்தில் நார் எடுத்துக் கொடுக்கட்டும், கண் தெரியாத பாட்டியின் கையைப் பிடித்துப் படியேற்றட்டும். ‘உனக்கென்ன தெரியும், போ’ என்று சொல்லாதிருப்பது மூன்றாவது. இம்மூன்றில் கடினமானது அதுவே.

பிள்ளை நீரைச் சிந்தும், நாரை அறுக்கும், வேலை சற்று தாமதப்படும். அதனால் குறையொன்றும் இல்லை. திருமலையில் அந்தச் சிறுவன் எத்தனை கூடை சுமந்தான் என்று எவரும் கணக்கு வைக்கவில்லை. சுமக்க வந்தான் என்பதையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

மலைகளில் மழை தவறாது பெய்க; ஆறுகள் தெளிந்து ஓடுக; தோட்டங்களிலும் ஊர்களிலும் உள்ள குழந்தைகள் நோயின்றி வளர்ந்து, தொண்டில் சுவை கண்டு நீடூழி வாழ்க. அவர்கள் முகத்தில் தன் திருமுகத்தை நாம் அடையாளம் காணும்படி, திருவேங்கடமுடையான் அருள்புரிவானாக.

சுபம்.