நிக்ரஹமும் அநுக்ரஹமே

அல்லல் வந்துற்ற காலத்தில் ஆஸ்திகனுடைய நெஞ்சில் எழும் கேள்வி ஒன்றுண்டு. எம்பெருமான் ஸர்வரக்ஷகனாயிருக்க, தன்னையே பற்றி நிற்கும் அடியவனை ஏன் இவ்வாறு வருத்துகிறான்? நாஸ்திகனுக்கு இந்த வேதனை இல்லை, நம்புகிறவனுக்கே உண்டு. உத்ஸவ காலத்தில் ஸந்நிதியில் கைகூப்பி நிற்பவர்களுள் இக்கேள்வியை உள்ளத்தே சுமந்து வாராதவர் சிலரே ஆவர்.

எம்பெருமானுடைய நிக்ரஹமும் அநுக்ரஹமே என்று பெரியோர் விடை பகர்வர். விடை மெய்யானதே. ஆயினும் அதனை எவர் சொல்லலாம் என்பது ஆராயத்தக்கது.

ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தம், 16-ஆம் அத்யாயத்தில் காளியனுடைய சரித்திரம் வருகிறது. யமுனையின் மடுவை நஞ்சாக்கி, அந்நீரைப் பருகிய பசுக்களும் ஆயர்களும் உயிரற்று விழும்படி செய்தவன் அவன். கண்ணன் அம்மடுவிற் குதித்து, அவன் படங்களின்மேல் ஏறி நடமாடினான். எடுத்த தலையெல்லாம் திருவடியால் மிதியுண்டு தாழ்ந்தது. காளியன் இரத்தம் கக்கி, மூச்சு ஒடுங்குகிற வேளையில், நாகபத்நிகள் தம் குழந்தைகளை முன்னிட்டுக்கொண்டு வந்து சரணம் புகுந்தார்கள். இத்தண்டனை அநுக்ரஹமே என்று முதலிற் சொன்னவர்கள் அவர்களே.

இங்கே இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. அவனுக்குச் செய்த அருள் என்று அவர்கள் சொல்லவில்லை. எமக்குச் செய்த அருள் என்றே சொன்னார்கள். கணவனுடைய தண்டனையில் தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அன்றியும், அருள் என்று சொல்லிவிட்டு வாளாவிருந்தார்களும் அல்லர். கணவனுடைய உயிரைப் பிச்சையாக வேண்டி அழுதார்கள். தண்டனையை அருளென்று ஏற்பதற்கும், அது போதும் என்று மன்றாடுவதற்கும் அவர்கள் கண்ட முரண்பாடு ஒன்றுமில்லை. மூவடி மண்ணில் யாவும் இழந்து வருணபாசத்தாற் கட்டுண்ட மஹாபலியின் விஷயத்திலும் அவ்வாறே. அதனை அருளென்று போற்றியவன் அவனுடைய பாட்டனாராகிய ப்ரஹ்லாதாழ்வானே அன்றி, வேடிக்கை பார்த்தவர் எவரும் அல்லர்.

இதனை மறந்து, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சென்று, "பகவான் உன்னைச் சோதிக்கிறான், எல்லாம் உன் கர்மம்" என்று உபதேசம் செய்வாரும் உளர். சாஸ்திரம் அறிந்தவர்களே இதனைச் செய்வது மிகவும் வருந்தத்தக்கது. அவள்பால் தண்டனை இது, சோதனை இது என்று பகவானுடைய திருவுள்ளத்தை வகுத்துரைக்க இவர்களுக்கு அதிகாரம் தந்தவர் யார்? தன் வாயால் தன் துயரைப் பற்றிச் சொல்லும்போது அமுதமாகின்ற வார்த்தை, பிறர் துயரைப் பற்றிச் சொல்லும்போது நஞ்சாகிவிடுகிறது.

குலசேகரப் பெருமாள் இவ்வார்த்தையைத் தம்மைக் குறித்தே அருளிச்செய்தார். 105 பாசுரங்கள் கொண்ட பெருமாள் திருமொழியில் ஐந்தாம் திருமொழி, மலைநாட்டுத் திருப்பதியாகிய திருவித்துவக்கோட்டு எம்பெருமானை நோக்கியது. பட்டாம்பிக்கு அருகே உள்ளது அத்திருப்பதி. கத்தியிட்டும் நெருப்பிட்டும் சிகிச்சை செய்கிற வைத்தியனிடத்து நோயாளன் வைத்த அன்பு நீங்காதிருப்பதை ஆழ்வார் அங்கே உவமையாக்குகிறார். உபந்யாஸங்களில் இவ்வுவமையைச் சொல்லுங்கால், நோய் தீரப்போகிறது, ஆகையாற் பொறுத்துக்கொள் என்று முடித்துவிடுவது வழக்கம். ஆழ்வாரோ அங்கே நிற்கவில்லை. தீராத துயரையே தந்தாலும் உன் அருளையே பார்த்திருப்பேன் என்பது அவருடைய நிலை. அவருடைய நம்பிக்கை துயரின் முடிவைப் பற்றியதன்று; துயர் தருகிறவனைப் பற்றியது.

அப்பதிகத்திலேயே, சினங்கொண்டு தள்ளிவிட்ட தாயின் அருளையே நினைந்து அழும் குழந்தையும் வருகிறது. குழந்தை ஏன் அடித்தாய் என்று ஆராய்வதில்லை. வேறொருத்தியைத் தேடிப் போவதுமில்லை. ஆயினும் அழுகிறது. அழக்கூடாது என்று ஆழ்வார் விதிக்கவில்லை. பக்தனாயிருப்பவன் கண்ணீர் விடலாகாது என்று எண்ணுவோர் இதனைச் சிறிது நினைத்துப் பார்ப்பது நலம்.

காளியனுடைய கதை தண்டனையோடு முடியவில்லை. உயிர் மீண்ட பின்னர், பிறவியிலேயே கொடியவர்கள் நாங்கள், சுபாவத்தை விடுவது எளிதோ என்று அவன் விண்ணப்பித்தான். கண்ணன் அதனை மறுக்கவும் இல்லை. அதன்பொருட்டு அவனை அங்கேயே இருக்க விடவும் இல்லை. பசுக்களும் மனிதரும் ஆற்றுநீரைப் பருக வேண்டுமாகையால் சுற்றத்தோடு கடலுக்குப் போய்விடு என்று ஆணையிட்டான். கருடனுக்கு அஞ்சியன்றோ காளியன் ரமணகத் தீவை விட்டு இம்மடுவிற்கு ஓடி வந்தது! இனி அந்த அச்சம் வேண்டா. தலையில் என் அடிச்சுவடு இருப்பதால் கருடன் உன்னைத் தீண்டான் என்றும் அருளினான். மிதித்த சுவடே காப்பாயிற்று.

சோழர் காலத்துக் காளிங்க நர்த்தனத் திருமேனிகளைச் சேவித்தவர்கள் அறிவர். திருவடி ஒன்று பாம்பின் படத்தின்மேல் ஊன்றியிருக்கும். இடத்திருக்கை வாலைப் பற்றியிருக்கும். வலத்திருக்கை அபயம் காட்டி நிற்கும்.