நம் ரத்தமே நமக்கு மருந்தாகுமா?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.



சமீப காலமாக திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஜமாஅத்தார் பலர் ஒரு மஸ்அலாவைக் கேட்கிறார்கள். "ஹஜ்ரத், முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போனேன். என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, அதை மிஷினில் சுற்றி, என் முட்டியிலேயே ஊசியாகப் போடுகிறேன் என்கிறார். ரத்தம் ஹராம்தானே, இது கூடுமா?" சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண் உள்ளவர்களும் இதையே கேட்கிறார்கள். பி.ஆர்.பி. சிகிச்சை என்று இதைச் சொல்கிறார்கள். இன்றைய ஜும்ஆவில் இதைப் பற்றிக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம்.

அறியாமைக்கு மருந்து

முதலில் ஒரு சம்பவம். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஸஹாபாக்கள் ஒரு பயணத்தில் இருந்தார்கள். ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயமாகிவிட்டது. அன்றிரவு அவருக்குக் குளிப்பு கடமையானது. "நான் தயம்மும் செய்துகொள்ளலாமா?" என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்கு அந்தச் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார். காயத்தோடு குளித்ததால் இறந்துபோனார்.

செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. அவர்கள் கடுமையாகக் கோபப்பட்டார்கள். அவரைக் கொன்றுவிட்டார்களே என்றார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்ற நோய்க்குக் கேட்பதுதானே மருந்து என்றார்கள்.

சகோதரர்களே! சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். மார்க்கத்தைப் பேணுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார்கள். ஆனால் தெரியாமல் சொன்ன ஒரு வார்த்தை ஓர் உயிரைக் குடித்துவிட்டது. "ரத்தம் ஹராம், ஊசி வேண்டாம்" என்று திண்ணையில் உட்கார்ந்து நாம் சொல்லிவிடுகிற வார்த்தையும் ஒருவருடைய காலைப் பறித்துவிடலாம்.

நமக்குள்ளே ஓர் அத்தாட்சி

உங்களுக்குள்ளேயே அத்தாட்சிகள் இருக்கின்றன, பார்க்க மாட்டீர்களா என்று சூரா தாரியாத் 21ஆம் வசனத்தில் அல்லாஹ் கேட்கிறான். அந்த அத்தாட்சிகளில் ஒன்றுதான் பிளேட்லெட். டெங்கு காய்ச்சல் வந்த வீடுகளில் எல்லோருக்கும் இந்தப் பெயர் பழக்கம். தமிழில் தட்டணுக்கள் என்பார்கள். 1882ல் இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்சோசெரோ இவற்றின் வேலையை எடுத்துச் சொன்னார். எலும்பு மஜ்ஜையில் உருவாகி, எட்டிலிருந்து பத்து நாட்கள் மட்டுமே வாழ்பவை. ஒரு சொட்டைவிட மிகச் சிறிய அளவான ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கின்றன.

கத்தி பட்டால் முதலில் ஓடி வருபவை இவைதான். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்பாக நின்று ரத்தத்தை நிறுத்துகின்றன. அத்தோடு விடுவதில்லை. தங்களுக்குள் சுமந்து வந்த வளர்ச்சிப் புரதங்களைக் காயத்தில் கொட்டுகின்றன. புதிய சதையும் புதிய ரத்தக் குழாயும் உருவாக அந்தப் புரதங்கள் உதவுகின்றன.

உஹதுப் போர்க்களத்தை நினைத்துப் பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகத்தில் காயம். அலி (ரலி) அவர்கள் கேடயத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, ஃபாத்திமா (ரலி) அவர்கள் கழுவுகிறார்கள். தண்ணீரால் ரத்தம் நிற்கவில்லை என்று கண்டதும் ஒரு பாயை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் வைக்கிறார்கள். ரத்தம் நிற்கிறது. புகாரியில் வரும் செய்தி இது. அல்லாஹ்வின் தூதரே காயத்திற்கு மருந்து வைத்துக்கொண்டார்கள். தவக்குல் என்பது மருந்தை விடுவது அல்ல என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

இந்தச் சிகிச்சை என்ன செய்கிறது?

நோயாளியின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார்கள். வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைக்கிறார்கள். தயிரைக் கடைந்தால் வெண்ணெய் பிரிவது போல, சிவப்பணுக்கள் கீழே தங்கிவிடுகின்றன. தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் நிற நீரைத் தனியாக எடுத்து, காயத்தில் அல்லது மூட்டில் செலுத்துகிறார்கள். 1998ல் அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை நிபுணர் தாடை எலும்பு சேர்வதற்கு இதைப் பயன்படுத்தி எழுதிய பிறகு உலகம் முழுவதும் பரவியது. நமக்குப் பக்கத்தில், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கோரிமேட்டில் இருக்கிறதே ஜிப்மர், அங்குள்ள பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்களும் ஆறாத புண்களுக்கு இதைப் பயன்படுத்தி ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்.

மார்க்கத்தில் கூடுமா?

சூரா அன்ஆம் 145ஆம் வசனத்தில் ஓடும் ரத்தத்தை உண்பதை அல்லாஹ் தடுத்திருக்கிறான். இங்கே உண்ணுதல் இல்லை. சிகிச்சை இருக்கிறது. 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தனது 26ஆம் தீர்மானத்தில், ஒருவர் உடலின் ஒரு பகுதியை அவர் உடலிலேயே வேறிடத்தில் வைப்பது கூடும் என்று சொன்னது. நிபந்தனையும் வைத்தது. எதிர்பார்க்கும் பயன் தீங்கைவிட அதிகமாக இருக்க வேண்டும். இழந்ததை மீட்பதற்கோ, குறையையோ வேதனையையோ நீக்குவதற்கோ இருக்க வேண்டும். தானாக ஊறிவரும் ரத்தத்தையும் தோலையும் மற்றவருக்குக் கொடுப்பதையே அந்தத் தீர்மானம் அனுமதிக்கிறது என்றால், தன் ரத்தம் தனக்குப் பயன்படுவதில் தயக்கம் எதற்கு? நோயில்லாமல் வெறும் அழகுக்காக முகத்தில் போட்டுக்கொள்வது வேறு விஷயம். அதை ஆலிம்களிடம் தனியாகக் கேளுங்கள்.

இன்னும் சில மஸ்அலாக்கள். ஊசியில் ரத்தம் எடுத்தால் ஹனஃபி மத்ஹபில் ஒளு முறிந்துவிடும், ஷாஃபி மத்ஹபில் முறியாது. ரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது. காயத்தில் கட்டு இருந்து, தண்ணீர் பட்டால் தீங்கு வரும் என்றால் கட்டின் மேல் மஸ்ஹு செய்ய வழியிருக்கிறது. முறையை உங்கள் மத்ஹப் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கத்து அறியாமை

கூடும் என்று சொன்னவுடன் நாளைக்கே நகையை அடகு வைத்துவிட்டு ஓடிவிடாதீர்கள்! ஹராம் என்று பயப்படுவது ஓர் அறியாமை. விளம்பரத்தில் சொன்னதையெல்லாம் நம்புவது இன்னோர் அறியாமை.

ஆஸ்திரேலியாவில் மூட்டுத் தேய்மானம் உள்ள 288 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2021ல் முடிவு வெளியானது. ஒரு சாராருக்கு வாரம் ஒன்றாக மூன்று பி.ஆர்.பி. ஊசி, மற்றொரு சாராருக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வலியிலும் குருத்தெலும்பிலும் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. பயன் உண்டு என்று சொல்லும் வேறு ஆய்வுகளும் இருக்கின்றன. ஆகவே தேய்ந்த மூட்டு புதிதாக முளைத்துவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் முதலில் செய்ய வேண்டியவை. அதுவரை நாற்காலியில் அமர்ந்து தொழுங்கள். அல்லாஹ் கொடுத்த சலுகையை வாங்கிக்கொள்வதில் கேவலம் இல்லை.

ஆறாத சர்க்கரைப் புண்ணின் நிலை வேறு. அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு 2021லிருந்து இத்தகைய புண்களுக்கு 20 வாரம் வரை இந்தச் சிகிச்சையை ஏற்கிறது. ஆனால் சர்க்கரை கட்டுப்படாமல், சீழ் எடுக்காமல், காலில் ரத்த ஓட்டம் பார்க்காமல், புண்மேல் பாரம் விழாமல் காக்காமல் ஊசி மட்டும் காலைக் காப்பாற்றாது. பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு, கால் கறுத்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, அதுதான் பெரிய ஆபத்து. விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புண் சிறிதாக இருக்கும்போதே போய்க் காட்டுங்கள்.

மருத்துவம் தெரியாமல் மருத்துவம் பார்ப்பவர் ஏற்படும் சேதத்திற்குப் பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். நீங்கள் பதிவு பெற்ற மருத்துவரா? என் நோய் எது? இந்த நோய்க்கு இது பலன் தரும் என்பதற்கு என்ன ஆதாரம்? எத்தனை ஊசி, மொத்தம் எவ்வளவு செலவு? இது இல்லாமல் வேறு வழி உண்டா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், பிளேட்லெட் குறைவாக உள்ளவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சகோதரர்களே! நான் நோயுற்றால் அவனே குணமளிக்கிறான் என்று இப்ராஹீம் (அலை) அவர்கள் சொன்னதை குர்ஆன் நமக்குக் கற்றுத் தருகிறது. மருந்து மிஷினிலிருந்து வந்தாலும், நம் நரம்பிலிருந்தே வந்தாலும் ஷிஃபா அவனிடமிருந்துதான். நமக்குள் அவன் வைத்த மருந்துக்கு ஷுக்ர் செய்வோம். தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்போம். தெரியாததைப் பிறருக்குச் சொல்லாமல் நாவைக் காப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பரிபூரண ஷிஃபாவைத் தருவாயாக! ஆறாத புண்ணோடு தூக்கமில்லாமல் தவிப்பவர்களின் வேதனையை நீக்குவாயாக! ஸுஜூதில் நெற்றி வைக்க முடியவில்லையே என்று ஏங்கும் எங்கள் பெரியவர்களின் மூட்டுகளுக்கு வலிமை தருவாயாக! அவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கு அமானிதத்தையும் இரக்கத்தையும் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.